ராத்திரியில் கைக்குழந்தைக்குக் காய்ச்சலா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் நான். வேலூரில் மருத்துவமனைக்குக் குறைவில்லை. ஊருக்குள் சி.எம்.சி., அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இரண்டிலும் ராத்திரி முழுக்க அவசர சிகிச்சை உண்டு. இருந்தும் தலைப்பிள்ளை பெற்றவர்கள் அதே தவறுகளைச் செய்துவிட்டு விடியற்காலையில் ஓடிவருகிறார்கள். தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், பதறாதீர்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதை விடுகிறேன்.

"காய்ச்சல் இறங்கிடுச்சு, காலையில் பார்த்துக்கலாம்"

இதைக் கேட்டால் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே அந்த ராத்திரியே மருத்துவர் பார்க்க வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு வரும் காய்ச்சல் பெரும்பாலும் சளியோடு வந்து சளியோடு போய்விடும். பச்சைக் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி முதிர்ந்திருக்காது. சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் கிருமியோ, மூளைக்காய்ச்சலோ, எதுவானாலும் முதலில் வெளியே தெரிவது வெறும் காய்ச்சலாக இருக்கலாம். அப்புறம் சில மணி நேரத்திலேயே நிலைமை மாறிவிடும். பாரசிட்டமால் உடம்புச் சூட்டை இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. மருந்துக்கு இறங்கினால் சாதாரணக் காய்ச்சல்தான் என்ற கணக்கே தப்பு.

அணைக்கட்டுப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. இரண்டு மாதம் முடியாத பெண் குழந்தை. சாயங்காலமே உடம்பு கொதித்திருக்கிறது. ஒன்றரை மாத ஊசி போட்டபோது காய்ச்சலுக்குக் கொடுத்த பாரசிட்டமால் சொட்டு மருந்து வீட்டில் இருந்ததால், 'ஊசிக் காய்ச்சல்தான்' என்று அதையே கொடுத்துவிட்டார்கள். ஊசி போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊசியால் வரும் காய்ச்சல் ஓரிரு நாளில் அடங்கிவிடும், ஒரு வாரம் கழித்துப் புதிதாகக் கிளம்பாது. சூடு இறங்கியதும் வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். "நல்லாத்தான் தூங்குச்சு சிஸ்டர், பாலுக்குக்கூட எழுந்திருக்கல. எழுப்ப மனசு வரல" என்றார் அந்த அம்மா. அது தூக்கமில்லை, சோர்வு. இரண்டு மாதக் குழந்தை ராத்திரி முழுக்கப் பால் கேட்காமல் கிடந்தால் அதுவே அபாய அறிகுறி. விடிந்து பார்த்தபோது கை கால் சில்லிட்டு, அழக்கூடத் தெம்பில்லை. ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. பல நாள் வார்டில் வைத்திருந்துதான் பிழைத்தது. அந்த அம்மாவை யாரும் திட்டவில்லை. ஆனால் "காலையில் ஓ.பி.யில் நம்ம டாக்டர் இருப்பார், அவர்கிட்டயே காட்டலாம்" என்று அவரை நிறுத்தி வைத்த பெரியவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. டூட்டி டாக்டர் சின்னப் பிள்ளையாகத் தெரியலாம். பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ரத்தம் எடுக்கவும் மருந்து தொடங்கவும் அவருக்குத் தெரியும்.

வேலூர் வெயிலில் குல்லா, சாக்ஸ், இரண்டு சுற்றுத் துணி என்று பொதிந்து வைத்தாலும் குழந்தையின் உடம்பு சுடும் என்பது உண்மை. துணியைத் தளர்த்திக் கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் 100.4 இருந்தால் கிளம்பிவிடுங்கள். தொட்டால் சில்லென்று இருந்து, பாலும் சரியாகக் குடிக்கவில்லை என்றாலும் அதே அவசரம்தான்.

சொட்டு மருந்தும் சிரப்பும்

இரண்டும் பாரசிட்டமால்தான், அளவு வேறு. பரவலாகக் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால், பெரியவர் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை முழுசாகக் கைக்குழந்தை வயிற்றில் போகிறது. வரும்போது பாட்டிலையும் எடுத்து வாருங்கள்.

இருமல் சிரப்

இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

தொக்கம், உரம், வசம்பு

இந்த நாட்டு வைத்தியங்களுக்காகப் பாட்டிகளோடு சண்டை போட நான் வரவில்லை. குழந்தை மூச்சு வாங்கும்போது, ஏதோ உள்ளே சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்க இன்னொரு ஊருக்குத் தூக்கிப் போகாதீர்கள், அவ்வளவுதான். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்குமேல் ஒரு வயது வரை 50. அதைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தாலோ நேரே மருத்துவமனைக்கு வாருங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவி

கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.

பக்கத்து மருத்துவமனையைத் தாண்டி வருவது

பேரணாம்பட்டுப் பக்கமிருந்து மூச்சுத் திணறும் குழந்தையை பைக்கில் வைத்து, குடியாத்தம் அரசு மருத்துவமனையைத் தாண்டி வேலூருக்கே வருகிறார்கள். முதலில் அங்கே நிறுத்துங்கள். ஆக்சிஜனும் முதல் ஊசியும் அங்கேயே கிடைத்தால், மேல் சிகிச்சைக்கு 108இல் ஆக்சிஜனோடு வரலாம். பைக்கில் அது முடியாது.

மறைப்பது

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் நாட்டு மருந்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. குழந்தைக்கு எத்தனை நாள் ஆகிறது, கடைசியாகப் பால் குடித்தது எப்போது, கடைசியாக ஒன்றுக்குப் போனது எப்போது, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு கொண்டு வந்து கொடுங்கள்.