காரில் ஒரு பக்கம் மட்டும் சூடான காற்று வருகிறதா? குறையைக் கண்டறியும் முறை

ஹீட்டரைப் போட்டால் ஓட்டுநர் பக்கம் குளிர்ந்த காற்றும் மறுபக்கம் சூடான காற்றும் வருகிறது என்றால், எந்த உதிரிபாகத்தையும் மாற்றுவதற்கு முன், குறை கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் பாதையிலா, காற்று வரும் பாதையிலா என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. எஞ்சினில் சூடேறிய கூலன்ட், இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஹீட்டர் கோர் என்னும் சிறிய ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதன் வழியாக எவ்வளவு காற்று செல்ல வேண்டும் என்பதை பிளெண்ட் டோர் என்னும் மடல் தீர்மானிக்கிறது.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும் என்பதால், இதில் அவசரம் கூடவே கூடாது. அளவு குறைந்திருந்தால், கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள். காருக்குள் இனிப்பான வாடையோ, கால்மிதியில் ஈரமோ இருந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்து, பதினைந்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி, இரு பக்கமும் வெப்பத்தை உச்சத்தில் வைத்து, காற்று வெளிவரும் ஒவ்வொரு வென்ட்டிலும் தெர்மாமீட்டரைச் செருகி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றுக்கு உயர்த்தும்போது குளிர்ந்த பக்கம் சூடேறி, ஆக்சிலரேட்டரை விட்டு ஐடிலில் ஓடும்போது மீண்டும் ஆறினால், கூலன்ட் ஓட்டம் போதவில்லை. பெரும்பாலும் ஏர் லாக்தான், அதாவது கூலன்ட் பாதையில் காற்று சிக்கியிருப்பதுதான் காரணம்.

இனி பானட்டைத் திறந்து, தானாகச் சுழலக்கூடிய மின்விசிறியிலிருந்து கையைத் தள்ளி வைத்து, ஹீட்டர் ஹோஸ்கள் இரண்டின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒப்பிடுங்கள். எனக்கு மிகவும் நம்பகமான சோதனை இதுவே. ஒன்று கொதித்து மற்றொன்று வெதுவெதுப்பாக இருந்தால் கோருக்குள் வண்டல் அடைத்திருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால், எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம், அல்லது கூலன்ட் கோர் வரை வந்து சேராமல் இருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நன்றாகச் சூடாக இருந்தால் மடலைக் கவனியுங்கள்: எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, வெப்பநிலைத் திருகை மெதுவாகத் திருப்பிக்கொண்டே டாஷ்போர்டில் காதை வையுங்கள். சீரான மெல்லிய உறுமலுக்குப் பதிலாக 'டக் டக்' என்று கேட்டால், மடலை இயக்கும் ஆக்சுவேட்டர் என்னும் சிறு மோட்டாரின் பற்சக்கரம் தேய்ந்துவிட்டது. இரு பக்கத்துக்கும் ஒரே வெப்பநிலைத் திருகு உள்ள கார்களில் பொதுவாக மடலும் ஒன்றே என்பதால், அங்கே பக்கத்துக்குப் பக்கம் சூடு மாறினால் நான் முதலில் கோரைத்தான் சந்தேகிப்பேன்.

அடைப்பை நீக்க, எஞ்சின் ஆறியபின் இரு ஹோஸ்களையும் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், குறைந்த அழுத்தத்தில், தெளிந்த நீர் வரும் வரை கோரைக் கழுவுங்கள். உயர் அழுத்த பம்ப் கோரைக் கிழித்துவிடும். வடியும் கூலன்ட் விலங்குகள் நக்கிக் குடித்தால் உயிரைப் பறிக்கும் நஞ்சு, ஆகவே ஒரு துளியும் தரையில் விடாமல் பாத்திரத்தில் பிடியுங்கள். புதுக் கூலன்ட் நிரப்பி, கையேட்டின்படி காற்றை வெளியேற்றி, அதே வென்ட்டுகளில் மீண்டும் அளந்து, முன்பு குறித்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.