“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் ஒரு புது டீச்சர், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ஒரு ஸ்டூடண்டுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன் மேடம்” என்றார். எனக்குப் பகீர் என்றது. பத்து வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன். பிள்ளைகளை அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். கஷ்டத்தைச் சொல்ல வரும் பிள்ளையிடம் நாம் நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுப்பது

ஒன்பதாம் வகுப்புப் பெண் அவள். மதிய இடைவேளையில் வந்து, டிபன் பாக்ஸ் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்.” பண்ணினேன். வீட்டோடு இருக்கும் உறவுக்காரர் ஒருவர் அத்துமீறுவதைச் சொன்னாள்.

ஆறுதல் சொன்னேன், நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான்கு நாள் போனது. அந்த நான்கு இரவும் அவள் அதே வீட்டில்தான் படுத்தாள். இன்றும் அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது. ஐந்தாம் நாள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தேன். உதவி வந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “சத்தியம் பண்ணீங்களே மிஸ்?”

சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி, விஷயம் தெரிந்தவர் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம். எச்.எம்.மிடம் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிட முடியாது.

அதனால் பிள்ளை வாய் திறக்கும் முன்பே சொல்லுங்கள்: “உன்னைக் காப்பாற்றத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன். யாரிடம் சொல்லப் போகிறேன் என்று உனக்கு முதலில் சொல்வேன்.” சிலர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். அடுத்த நாள் நீங்களே போய்ப் பேசுங்கள்.

துருவித் துருவிக் கேட்பது

விசாரணை நம் வேலை இல்லை. பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

உடனே வீட்டுக்கு போன் போடுவது

ஆபத்து அந்த வீட்டிலேயே இருக்கலாம்.

இரவு பதினொரு மணி வாட்ஸ்அப்

வேண்டாம். ஆறுதல் பள்ளி நேரத்தில், நாலு பேர் கண்ணில் படும் இடத்தில்.

நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது

தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் 14416 என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அது ஜியோமெட்ரி பாக்ஸிலேயே கிடக்கும். அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே டயல் பண்ணுங்கள். லைன் கிடைத்ததும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அப்புறம் அடுத்த வாரம், “மறுபடி பேசினாயா?” என்று கேளுங்கள்.