விண்டோஸ் 11-லிருந்து 10-க்குத் திரும்புவது: பத்து நாள் கணக்கு

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு அப்கிரேடு செய்த கணினியைப் பழையபடி மாற்ற நினைத்தால், முதலில் நாளை எண்ணுங்கள். அப்கிரேடு ஆகிப் பத்து நாளுக்குள் என்றால் சில கிளிக்கில் வேலை முடியும். தாண்டிவிட்டால் டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக நிறுவ வேண்டியதுதான்.

அப்கிரேடின்போது பழைய சிஸ்டம் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் வைக்கப்படுகிறது. பத்து நாள் கழிந்ததும் விண்டோஸே அதை அழித்துவிடும். இடம் பற்றவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸை டிக் செய்து நீக்கியவர்களுக்கு இரண்டாம் நாளே வழி அடைபட்டுவிடும்.

யோசிக்க அவகாசம் வேண்டுமா? கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்: DISM /Online /Set-OSUninstallWindow /Value:60. கெடு 60 நாளாக நீளும். அதற்கு மேல் போகாது. பத்து நாள் முடிவதற்குள் செய்தால்தான் பலன்.

திரும்பும் முன் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். போட்டோ, ஆவணங்கள் அப்படியே இருக்கும் என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. ஆனாலும் பாதி வழியில் கரண்ட் போனால் அந்த உறுதி உதவாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-இல் பயன்படுத்திய பாஸ்வேர்டு நினைவிருக்க வேண்டும். மறந்துபோனால் திரும்பிய பிறகு உள்ளே நுழைய முடியாது. அப்கிரேடுக்குப் பின் சேர்த்த யூசர் கணக்குகள் இருந்தால் அவற்றை நீக்கச் சொல்லி நின்றுவிடும். லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டுவிடுங்கள்.

இனி செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய் ‘கோ பேக்’ பட்டனை அழுத்துங்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்கும், எதையாவது தேர்ந்தெடுங்கள். அப்டேட் தேடட்டுமா என்றால் ‘நோ, தேங்க்ஸ்’. பிறகு நெக்ஸ்ட் அழுத்திக்கொண்டே போனால் கணினி ரீஸ்டார்ட் ஆகி வேலையைத் தொடங்கும். திரை கறுத்துக் கிடக்கிறதே என்று பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். அப்கிரேடுக்குப் பின் நிறுவிய ஆப்களும் டிரைவர்களும் போய்விடும், மாற்றிய செட்டிங்ஸும் போகும்.

விண்டோஸ் 11 திறக்கவே இல்லை என்றால், துவங்கும்போதே பவர் பட்டனைப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் ரெக்கவரி திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய், கடைசி ஃபீச்சர் அப்டேட்டை, அதாவது விண்டோஸ் 11 அப்கிரேடை, நீக்குங்கள்.

‘கோ பேக்’ மங்கலாக இருந்தால் கெடு முடிந்தது அல்லது ஃபோல்டர் இல்லை என்று பொருள். விண்டோஸ் 11-உடனேயே வாங்கிய கணினியிலும் அது இயங்காது. அப்போது குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் 10-ஐ ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து நிறுவுங்கள். பல புதிய இன்டெல் லேப்டாப்களில் இங்கே ஒரு சிக்கல் வரும்: டிரைவ் பட்டியல் காலியாக இருக்கும். டிஸ்க் கெட்டுவிடவில்லை, டிஸ்க்கைக் கண்டுகொள்ளத் தேவையான இன்டெல் விஎம்டி டிரைவர் விண்டோஸ் 10 செட்டப்பில் இல்லை, அவ்வளவுதான். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதை (‘ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவர் என்ற பெயரில் இருக்கும்) முன்பே இறக்கி, பிரித்து அதே பென் டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ மூலம் காட்டுங்கள். வைஃபை டிரைவரையும் கூடவே எடுத்து வைப்பது நல்லது. கீ கேட்டால் ‘ஐ டோன்ட் ஹேவ் எ பிராடக்ட் கீ’ என்று கொடுத்து, முன்பிருந்த அதே எடிஷனை (ஹோம் என்றால் ஹோம்) தேர்ந்தெடுங்கள். அந்தக் கணினியில் முன்பு விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருந்தால் இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

எந்த வழியில் திரும்பினாலும் ஒன்று: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஈஎஸ்யூ என்ற நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால்தான் பாதுகாப்பு அப்டேட் வரும். அதற்கும் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 கட்டாயம். பழைய பதிப்புக்குத் திரும்பியிருந்தால் முதலில் விண்டோஸ் அப்டேட்டில் அதற்கு ஏற்றிவிடுங்கள்.