ஊருக்குக் கிளம்பும்போது ஹீட்டரை அணைக்காதீர்கள்: சியாட்டிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சியாட்டிலை ஒட்டிய பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தல் என்று வந்து சேர்ந்தவர்களுக்கு இங்கே குளிர்காலம் பெரும்பாலும் வெறும் மழைதான். ஓயாத தூறல், டிசம்பரில் நான்கரை மணிக்கே இருட்டு. இதற்கா அவ்வளவு பயமுறுத்தினார்கள் என்று தோன்றும். அப்புறம் ஒரு நாள் வானிலை அறிவிப்பில் ‘தாழ்நிலப் பனிப்பொழிவு’ வரும். வழக்கமாகக் காஸ்கேட் மலைகளோடு நின்றுவிடும் பனி, நம் தெருவரை இறங்கப்போகிறது. கனடாவின் உட்பகுதிக் குளிர்காற்று ஃபிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே வந்து, பசிபிக் கடலின் ஈரத்தைச் சந்திக்கும்போது இது நடக்கும். ஒரு டிகிரி கூடினால் பனி மழையாகிவிடும். அதனால் அறிவிப்பு பல முறை பொய்க்கும். பொய்க்கிறது என்று அலட்சியம் வேண்டாம். 2019 பிப்ரவரியில் மட்டும் சியாட்டிலின் சீ-டாக் விமான நிலையத்தில் 20 அங்குலம் விழுந்தது.

டொராண்டோ உறவினர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அங்கே சாலைகள் சமதளம். இங்கே எங்கு பார்த்தாலும் மேடு. பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடியாக இறுகிவிடும். பனிமட்டம், அதாவது மழை பனியாக மாறும் உயரம், 500 அடி என்று போட்டிருந்தால் இஸக்வா, சமாமிஷ் மேட்டில் இருப்பவர்கள் காரை வெளியே எடுக்க வேண்டாம்.

முறைப்படி செய்ய வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய வானிலைச் சேவையின் சியாட்டில் பக்கத்தைப் பாருங்கள், தொலைக்காட்சிக்காரர்களின் பரபரப்பை அல்ல. பள்ளி இரண்டு மணி நேரம் தாமதமா, விடுமுறையா என்று விடியற்காலையில் செய்தி வரும். பனி விழும் நாள்களில் பஸ்களுக்கு வேறு வழித்தடம் உண்டு. சாலை உப்பும் வெளிக்குழாய்க்கு மாட்டும் உறையும் அறிவிப்பு வந்த அன்றே கடைகளில் தீர்ந்துவிடும். அக்டோபரிலேயே வாங்கி வையுங்கள்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். ஊருக்குக் கிளம்பும் தமிழன் என்ன செய்வான்? கேஸை மூடுவான், மெயின் சுவிட்சை அணைப்பான், பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பான். 2024 பொங்கலுக்கு மதுரை போன என் நண்பன் அதைத்தான் செய்தான். ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு வெப்பம் என்று பிரேக்கர் பெட்டியில் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனான். அந்தப் பொங்கலுக்கு முந்தைய நாள்களில்தான் இங்கே வெப்பநிலை 20 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனது. அதாவது மைனஸ் ஏழு செல்சியஸுக்கும் கீழே.

உறையும் நீர் விரியும். மூடிய குழாய் வாய்க்கும் உள்ளே உறைந்த பனிக்கட்டிக்கும் நடுவே சிக்கிய நீர், போக இடமின்றி அழுத்தம் ஏறி, சுவருக்குள்ளேயே குழாயைப் பிளக்கிறது. உறைந்திருக்கும்வரை ஒரு சொட்டும் வெளியே வராது. குளிர் விட்டதும் கொட்டத் தொடங்கும். கராஜ் கதவின் அடியில் தண்ணீர் ஓடுவதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொன்னபோது கீழ்த்தளக் கூரை தொங்கிக்கொண்டிருந்தது. வாடகை ஒப்பந்தத்தில், எப்போதும் வெப்பம் ஓட வேண்டும் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? காப்பீட்டு நிறுவனம் கேட்டது ஒரே கேள்வி: ஹீட்டர் ஓடியதா? எவ்வளவு குறைத்துவிட்டேன் பார் என்று அவன் எங்களுக்கு அனுப்பிய மின்கட்டண ரசீதே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. சில டாலர் மிச்சம் பிடித்து, ஒரு பழைய கார் வாங்கும் தொகையைக் கட்டினான்.

ஆகவே, கிளம்பும்போது தெர்மோஸ்டாட்டை 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். அறைக்கு அறை தனி ஹீட்டர் உள்ள பழைய அபார்ட்மெண்ட் என்றால், ஒவ்வொன்றையும் பாருங்கள். தனி வீடானால் தண்ணீரின் மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடியவிடுங்கள். வால்வு எங்கே என்று குடிவந்த வாரமே வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள். தண்ணீர் கொட்டும்போது தேட முடியாது. தோட்டக் குழாயில் ஹோஸைக் கழற்றாமல் விட்டால் அதுவும் பிளக்கும். வீட்டிலேயே இருப்பவர்கள் கடுங்குளிர் இரவில் சிங்க் அடியில் உள்ள கதவைத் திறந்து வைத்து, வெளிச்சுவர் ஓரக் குழாயை மெல்லிய நூலாக ஓடவிடுங்கள். தண்ணீரை வீணாக்க மனம் வராது, எனக்கும் வராது. ஓடவிடுங்கள்.

மரம் சாய்ந்து மின்சாரம் போனால், கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டாதீர்கள். ஜெனரேட்டரைக் கராஜிலும் வைக்காதீர்கள். 2006 டிசம்பர் புயலின்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவால் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பலர் நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள்.

போகும்போது அருகில் இருக்கும் ஒருவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். குளிர் விடும் நாளில் வந்து சுவரையும் கூரையையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வெளியே உள்ள கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே வைத்து, அதற்கும் தண்ணீர் ஊற்றச் சொல்லலாம். அவர் இலையை உருவிக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் கணக்குக் கேட்காதீர்கள்.