அசெட்டோ கோர்சா திக்குதா? கிராபிக்ஸில் கை வைக்கும் முன் இந்தச் சோதனை

சுங்கை சிப்புட்டில் எங்களுடையது தோட்டத்து வீடு, மேலே தகரம். மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தால் அதன் விசிறிச் சத்தத்தில் கார் சத்தம் காதில் விழாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650. அசெட்டோ கோர்சா 2014-இல் வந்த கார் பந்தய கேம், இதில் பறக்க வேண்டும். ஆனால் பந்தயம் தொடங்கி முதல் வளைவுக்குள் நொடிக்கு 25 ஃபிரேமுக்கு (திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) விழுந்துவிடும். எல்லாவற்றையும் ‘லோ’வில் வைத்தேன். மரமெல்லாம் அட்டை மாதிரி ஆனதுதான் மிச்சம், அதே 25.

கேமும், அதைத் திறக்கவும் செட்டிங் மாற்றவும் உதவும் கன்டென்ட் மேனேஜர் என்ற தனி மென்பொருளும் போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இலவச வகையே போதும். கேமோடு வரும் லாஞ்சரை நான் தொடுவதே இல்லை.

1. விண்டோஸ் செட்டிங்கில் டிஸ்ப்ளே, பிறகு கிராபிக்ஸ். அங்கே கேமைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும்.

2. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். என்னுடையது மோன்ஸா பந்தயத் தடம், 15 எதிர்க்கார்கள், கடைசி இடத்திலிருந்து ஸ்டார்ட். தனியாக ஓட்டிப் பார்த்து ‘நல்லா ஓடுதே’ என்று ஏமாறாதீர்கள். ஃபிரேம் எண்ணிக்கையை ஸ்டீம் ஓவர்லேயே காட்டும்.

3. நான் சறுக்கியது இங்கேதான். ரெசொலூஷனை 1920×1080-இலிருந்து 1280×720-க்கு இறக்கி அதே ஸ்டார்ட்டை ஓட்டுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைகின்றன. ஃபிரேம் ஏறினால் திணறியது கிராபிக்ஸ் கார்டு. ஏறவே இல்லையென்றால் சிபியு, அதாவது லேப்டாப்பின் மூளையான புராசஸர். எனக்கு ஏறவில்லை. ‘சிபியு ஆக்குபன்சி’ 99 விழுக்காட்டைத் தாண்டியதாக கேமே திரையில் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.

60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் ஒவ்வொரு எதிர்க்காரின் டயர், சஸ்பென்ஷன் கணக்கையும் சிபியு போட வேண்டும். அதோடு ‘இதை வரை, அதை வரை’ என்று கார்டுக்குக் கட்டளையும் அதுதான் கொடுக்கிறது. பின்கண்ணாடி என்றால் காட்சியை இன்னொரு முறை வரைய வேண்டும். காரின் பளபளப்புக்கு ஒரு பெட்டியின் ஆறு பக்கம் போலச் சுற்றுப்புறத்தை வரைகிறது. ஒரு ஃபிரேமில் எத்தனை பக்கம் வரைவது என்ற அந்த ‘ஃபேசஸ் பெர் ஃபிரேம்’ எனக்கு 6-இல் இருந்தது! 1 ஆக்கினேன். ஓட்டும்போது வித்தியாசமே தெரியவில்லை. வேர்ல்ட் டீடெயிலை (தடத்தைச் சுற்றியுள்ள பொருள்களின் நுணுக்கம்) ஒரு படி இறக்கி, கார்களை 15-இலிருந்து 11 ஆக்கினேன். ரெசொலூஷன் பழையபடி 1080, ஸ்டார்ட்டில் 50-க்கு மேல்.

4. கார்டுதான் திணறுகிறது என்றால் வேறு வேலை: போஸ்ட் புராசஸிங்கை (வரைந்த படத்தின் மேல் பூசும் ஒளி, மங்கல் போன்ற அலங்காரம்) அணையுங்கள், ஆன்டி அலியாசிங்கை (ஓரங்களின் படிக்கட்டு போன்ற கோடுகளை மழுங்கவைப்பது) 2-க்குக் கொண்டு வாருங்கள். ரெசொலூஷனைக் கடைசியில் தொடுங்கள், தூரத்து பிரேக் பலகை தெரியாமல் போய்விடும்.

5. ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு இணைக்கும் வி-சிங்க் எனக்குப் பிடிக்காது, ஸ்டியரிங்கைத் திருப்பியபின் கார் யோசித்துவிட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கும். ஃபிரேம் லிமிட்டை 60-இல் வைத்தேன், சூடும் குறைந்தது. லேப்டாப்புக்குப் பின்னால் இரண்டு ஓட்டுத் துண்டு முட்டுக் கொடுத்திருக்கிறேன். அம்மா திட்டுகிறார், இருந்தாலும் எடுக்கமாட்டேன். சூடேறினால் சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் இரவில் சரிபார்த்த செட்டிங்கை மத்தியானம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு ஒரு தம்பி, “அண்ணே, மோன்ஸா நல்லா ஓடுது, செப்பாங்கில் மட்டும் திக்குது” என்று எழுதியிருந்தார். செப்பாங் தடம் கேமோடு வருவதில்லை, வெளியாட்கள் செய்து தரும் மோட்தான். செய்தவர் கைவண்ணத்தைப் பொறுத்து பாரம் கூடும் குறையும். அவர் வேறொருவர் செய்த செப்பாங்கைப் போட்டுப் பார்த்தார், ஓடியது. செட்டிங்கில் எதையும் மாற்றவில்லை.