மரியா தெ தொமினிச்சியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் கோடு கிழித்து, பக்கத்தில் பக்கமாக மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: ஆவணம் சொல்வது, பின்னாளில் பிறர் சொன்னது, ஓவியத்தைப் பார்த்து ஊகித்தது. மால்டாவின் இந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியர் விஷயத்தில் இரண்டாம் பத்திதான் நிரம்பி வழியும். கட்டுரைகள் கெடுவதும் அங்கேதான்.

முதல் பத்திக்குச் சில வரிகள்தான். 1645 டிசம்பர் 6 அன்று பிறப்பு, 1682இல் ரோமுக்குப் பயணம், 1703 மார்ச் 18 அன்று அங்கேயே மரணம். பிறந்த ஊர் ஒரு நூலில் பிர்கு என்றும், இன்னொன்றில் வித்தோரியோசா என்றும் இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான். 1565இல் ஒட்டோமான் படை மால்டாவை முற்றுகையிட்ட பின் வந்த பெயர் இரண்டாவது.

தேதிகளில் ஒரு பள்ளம் இருக்கிறது. அப்போது மால்டாவை ஆண்ட புனித யோவான் மாவீரர் சபையின் பதிவேடுகளில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். அதில் 1681 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் 1682 பிப்ரவரி. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளுக்கு மட்டும் ஓர் ஆண்டைக் கூட்டுங்கள். நீங்கள் படிக்கும் நூலாசிரியர் ஏற்கெனவே திருத்தியிருந்தால் மறுபடியும் கூட்டிவிடாதீர்கள்.

அக்கால மால்டா நாணயத்தில் கூலிக் கணக்கு கண்ணில் பட்டால்: 1 ஸ்கூதோ 12 தாரி, 1 தாரி 20 கிரானி. 7 ஸ்கூதோ 6 தாரி என்பது ஏழரை, 7.6 அல்ல.

இனி இரண்டாம் பத்தி. மால்டாவின் தலைநகர் வலெத்தாவின் புனித யோவான் இணைப்பேராலய வளைகூரையில் இத்தாலிய ஓவியர் மத்தியா பிரேத்தி 1661 முதல் 1666 வரை, கல்லின் மீதே எண்ணெய் வண்ணத்தில் திருமுழுக்கு யோவானின் வாழ்க்கையைத் தீட்டினார். அதில் சில பெண் உருவங்களை மரியா வரைந்தார் என்று எழுதியவர் அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரின் மகன், பெர்னார்தோ தெ தொமினிச்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை தொடங்கியபோது மரியாவுக்கு 15, 16 வயது. பெர்னார்தோ பிறந்ததோ 1683இல், அத்தை மால்டாவை விட்டுப் போன பிறகு. நூல் அச்சேறத் தொடங்கியது 1742இல். குடும்பத்தில் கேட்ட கதையாக இருக்கலாம். பொய் என்று தள்ளவும் முடியாது. ஆனால் நேப்பிள்ஸ் ஓவியர்களைப் பற்றிய அவருடைய நூலில் தவறுகள் மலிந்திருப்பது ஆய்வாளர்கள் அறிந்ததே. ஆகவே “வரைந்தார்” வேண்டாம். “வரைந்ததாக அவருடைய சகோதரரின் மகன் பெர்னார்தோ எழுதுகிறார்” என்று போடுங்கள். ஒரு வினைச்சொல்லில் மொத்த நேர்மையும் அடங்கிவிடும்.

மரியாவின் பெயருக்கு முன் வரும் “சுவோர்” (இத்தாலியத்தில் கன்னியரைக் குறிக்கும் ‘சகோதரி’) என்ற சொல்லை நம்பி அவரை மடத்துக்குள் அடைத்துவிடாதீர்கள். அவர் கார்மேல் துறவற சபையோடு இணைந்த பொதுநிலையினரின் அமைப்பான கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்தவர். மடத்துக் கன்னியரைப் போல அடைபட்டு வாழும் கட்டாயம் அந்தச் சபையினருக்கு இல்லை. இதைத் தவறவிட்டால், ஒரு “மடத்துக் கன்னி” தனியே ரோமில் எப்படித் தொழில் நடத்தினார் என்பது வாசகருக்குப் புரியாது.

படைப்புகளைப் பட்டியலிடும்போது இடத்தோடு எழுதுங்கள். வலெத்தா கார்மேல் கோயிலின் அருளாளர் பிராங்கோ படம் ஒன்று. செப்பூஜில் உள்ள, மரியாள் எலிசபெத்தைச் சந்திக்கும் படம் இன்னொன்று. செப்பூஜ் என்ற பெயரில் கோசோத் தீவிலும் ஓர் ஊர் உண்டு, ஆகவே மால்டாத் தீவு என்று சேர்க்க வேண்டும். ஊர்வலங்களில் தூக்கிச் செல்லும் உருவங்களையும் அவர் செய்தார். சிற்பியை மறந்து ஓவியரை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள்.

“முதல் பெண் ஓவியர்” என்று தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும். அது பின்னாளில் பிறர் சொன்னது, இரண்டாம் பத்திக்குரியது, அங்கேயே இருக்கட்டும்.