கிணறு வெட்டுமுன் பக்கத்து வளவுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்: ஸ்டார்ட்அப் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் தேங்கும் மழைத்தண்ணீர்தான் எங்கள் கிணறுகளுக்கு. ஒரு வளவில் நல்ல தண்ணீர் வரும், கடற்கரைப் பக்கம் கொஞ்சம் தள்ளினால் உவர். அதனால் காணி பார்க்கப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்ப்பார்கள். கல்லை உடைத்துக் கிணறு வெட்டிய பிறகு உவர் என்று தெரிந்து என்ன பிரயோசனம்?

ஒன்றும் நிச்சயமில்லாத நேரத்தில் எதை முதலில் செய்வது என்று புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகள் கேட்டால், நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். நானும் ஒரு நண்பனும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து, ரியூட்டரிகளுக்கு, அதாவது தனியார் வகுப்பு நடத்தும் இடங்களுக்கு, வரவும் கட்டணமும் பதியும் செயலி ஒன்று செய்யத் தொடங்கினோம். அதையே உதாரணமாக வைத்துப் போவோம். ஒரு கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: காசு எத்தனை மாதம் தாங்கும்?

கையிருப்பை மாதச் செலவால் வகுங்கள். 9 லட்சம் இருக்கிறது, மாதம் ஒன்றரை லட்சம் போகிறது என்றால் 6 மாதம். டொலரில் கட்டும் பில்களைத் தனியாக எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் கூடாத சேர்வர் வாடகை ரூபாயில் கூடியது. அந்த 6ஐ முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள். இனி எந்த வேலையை எடுத்தாலும், அதில் எத்தனை கிழமையை இது தின்னும் என்று கேட்கலாம்.

படி 2: கிணறா, வாளியா?

முன்னால் கிடக்கும் முடிவுகளை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'கிணறு' அல்லது 'வாளி' என்று குறியுங்கள். வாளி சரியில்லை என்றால் நாளைக்கு வேறு வாளி. வெட்டிய கிணற்றைத் தூர்க்கத்தான் முடியும். அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்களில் இதையே ஒருவழிக் கதவு, இருவழிக் கதவு என்று பிரித்தார். வேண்டிய தகவலில் 70 சதவீதம் கிடைத்ததும் பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிடலாம், 90 வரட்டும் என்று இருந்தால் பிந்திவிடும் என்றும் எழுதினார்.

விலை, செயலியின் பெயர், நிறம் எல்லாம் வாளி. விலைக்காக நாங்கள் இரண்டு கிழமை சண்டை பிடித்தோம், சொல்ல வெட்கம்தான். பங்கு பிரிப்பதும் வீட்டுக் காணியை ஈடு வைப்பதும் கிணறு. ஈட்டு விஷயத்தை வீட்டில் கதைக்காமல் செய்யவே செய்யாதீர்கள்.

படி 3: எது பிழைத்தால் எல்லாம் போகும்?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நீங்கள் உண்மை என்று நம்பிக்கொண்டிருப்பவற்றை வரிசையாக எழுதுங்கள். எது பொய்த்தால் மற்றதெல்லாம் வீணோ, அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், அதுவும் மலிவாக. 1999இல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் சப்பாத்து விற்க நினைத்தபோது களஞ்சியம் கட்டவில்லை. கடைகளில் இருந்த சப்பாத்துகளைப் படம் எடுத்துப் போட்டார். ஓடர் வந்ததும் அந்தக் கடையிலேயே வாங்கி அனுப்பினார். ஸப்போஸ் என்ற இணையச் சப்பாத்துக் கடை அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் நம்பிக்கை, ரியூட்டரி நடத்துபவர் கொப்பியை விட்டுவிட்டுச் செயலிக்கு வருவார் என்பது. ஒரு வரி கோட் எழுதாமல், ஒரு ரியூட்டரி வாசலில் இரண்டு கிழமை நானே போய் இருந்து கூகுள் ஷீட்டில் பதிந்தேன். பின்னேரம் நாலரைக்குச் சைக்கிள்கள் மொத்தமாக வந்து விழும். ஐந்து நிமிடத்துக்குள் அறுபது பிள்ளைகள். ரியூட்டரி நடத்தும் சேர் மேசையில் கொப்பியை விரித்து, தலையைக் கூட நிமிர்த்தாமல் குரலை வைத்தே பெயருக்கு நேரே சரி போடுவார். அந்த வேகத்துக்கு என் போன் ஈடுகொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் சொன்னார்: "தம்பி, காசு கட்டாத பிள்ளையளின்ர பேர் மாசக் கடைசியில தெரிஞ்சாப் போதும்."

"தாய் தகப்பனுக்குத் தானா மெசேஜ் போகச் செய்யலாம் சேர்."

"அது வேண்டாம். தகப்பன் இல்லாத பிள்ளையள் நாலைஞ்சு பேர் இருக்கினம். நான் அவையிட்டைக் காசு கேக்கிறேல்லை."

தானாகப் போகும் மெசேஜ்தான் எங்கள் பட்டியலில் முதலாவது வேலை. அன்றிரவே அதை வெட்டினோம்.

படி 4: மிச்சத்தை வரிசைப்படுத்துங்கள்

இன்டர்கொம் என்ற மென்பொருள் நிறுவனம் பரப்பிய ரைஸ் (RICE) என்ற கணக்கு உதவும். எத்தனை பேருக்குப் போய்ச் சேரும், எவ்வளவு பயன், எத்தனை வீதம் நம்பிக்கை என்ற மூன்றையும் பெருக்கி, பிடிக்கும் மாதங்களால் வகுப்பது. பயனுக்கு 3 என்றால் மிகப் பெரியது, 1 நடுத்தரம்.

10 ரியூட்டரிக்குக் 'கட்டாதோர் பட்டியல்': 10 × 3 × 0.8 ÷ 0.5 = 48. 600 மாணவர்களுக்கான செயலி: 600 × 1 × 0.5 ÷ 3 = 100. மாணவர் செயலி வென்றுவிட்டதா? அவசரப்படாதீர்கள். மாணவர் எங்களுக்குக் காசு தரமாட்டார், ரியூட்டரிதான் தரும். 600க்குப் பதிலாக 10 போட்டால் அது 2ஐக் கூட எட்டாது. இந்தக் கணக்கு நாங்கள் ஆசைப்பட்ட விடையைத் தரக்கூடியது. அதனால் காசு தருபவரை மட்டும் எண்ணுங்கள்.

படி 5: எப்போது நிறுத்துவோம்?

இதைத் தொடங்குமுன்பே எழுதவேண்டும். அப்புறம் மனது விடாது. "ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை முடிந்து ஒரு மாதத்தில் 5 ரியூட்டரி காசு தராவிட்டால் நிறுத்துவோம்" என்று எழுதினோம். 2021க்குரிய ஏ.எல். 2022 பெப்ரவரிக்குப் போனது, 2022க்குரியது 2023 ஜனவரிக்கு. எங்கள் தவணையும் சேர்ந்து தள்ளிப்போக, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டோம். அதுதான் வில்லங்கம். கலண்டரைப் பார்த்துத் திகதி போடுங்கள், வேறு எதோடும் கட்டாதீர்கள்.

பிறகு போட்ட திகதி வந்தபோது நாலு ரியூட்டரி காசு கட்டியிருந்தது. நண்பன் கொப்பியில் இருந்த 5ஐப் பார்த்தான், என்னைப் பார்த்தான். செயலியை நிறுத்தினோம். அந்த நாலு பேருக்கும் கூகுள் ஷீட்டில் மாசக் கடைசிப் பட்டியல் மட்டும் இப்போதும் போகிறது, காசும் வருகிறது.